ஆறு வாட்

கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே, நாலாம் தோப்பில்,
தகரக் கூரைக்குக் கீழே என் மேசை.
மேசையில் ஒரு லிட்டர் குவளை, ஒரு ரப்பர் முத்திரை,
கள் நுரை காய்ந்த வட்டங்கள் எட்டோ ஒன்பதோ,
நடுவில் அது:
சிலேட்டு அகலம்,
மூடினால் சோற்றுப் பொட்டலத்தின் கனம்.

பொள்ளாச்சிக் கடைக்காரன் கைவிரித்தபடியே விற்றான்.
"இதுல வேகம் எதிர்பார்க்காதீங்க அக்கா.
உள்ள இருக்கிற சில்லு ஆறு வாட்தான் குடிக்கும்.
விசிறிகூட வைக்கலை,
சூடாகுற அளவுக்கு அதுக்குக் கோபம் வராது."

ஆறு.
வீட்டில் மாதா படத்துக்கு முன்னால்
விடிய விடிய எரிகிற சிவப்பு பல்பை நினைத்துக்கொண்டேன்.
ஜீரோ வாட் என்று கேட்டு வாங்கியது.
பெயரில் பூஜ்யம்,
மீட்டரில் பதினைந்து.
அந்தப் பூஜ்யத்துக்கும் கீழே உட்கார்ந்து ஒன்று
கூட்டல் கழித்தல் போடுகிறது.

முன்பிருந்த பெட்டிக்கு விசிறி உண்டு, இரைச்சல் உண்டு,
கரண்ட் போனால் என் காலடியில் கீச்சிடும் பேட்டரி உண்டு.
ஆடி மாதம் கணவாய்க் காற்று
தோப்பு மண்ணை அள்ளி வந்து அதன் மூக்கில் அடைத்தது.
திறந்தபோது உள்ளே கட்டெறும்புகள்
முட்டையோடு குடியிருந்தன.
இதற்கு மூக்கே இல்லை.
இவ்வளவு பெரிய மலையில் இவ்வளவு பெரிய சந்து விட்டுக்
காற்றை ஊற்றுகிற ஊரில்
தனியாக ஒரு விசிறி எதற்கு?

மெதுவாகத்தான் போகும், பொய் சொல்லக்கூடாது.
மரக்கணக்கையும் பெர்மிட்டையும் ஒரே சமயம் திறந்தால்
திரை வெளுத்துப்போய்
ஆறுச்சாமி மாதிரி பாதி மரத்தில் நின்றுவிடும்.
அவர் நின்றால் பீடி தேடுகிறார் என்று தெரியும்.
இது எதைத் தேடுகிறதோ.
ஒன்றை மூடு, ஒன்றைத் திற.
மூன்று வாரத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன்:
சாப்பிடும்போது சாப்பாடு,
திட்டும்போது திட்டு.

ஆனி மழையில் கம்பம் சாய்ந்து இரண்டு ராத்திரி இருட்டு.
திரை வெளிச்சத்தைக் கடைசிப் படிக்கு இறக்கினேன்.
நூற்றெழுபத்தொன்பதாம் மரம், ஒன்றே முக்கால் லிட்டர்.
நூற்றெண்பது, ஒன்றரை.
நூற்றெண்பத்தொன்று இடி விழுந்தது, வரியை அழி.
மழைத்தண்ணீர் கலந்த கேனைத் தனியாகக் காட்டு.
நாலு வயல் கிழக்கே தமிழ்நாடு தொடங்குகிறது.
அங்கே இதே தென்னை தேங்காய் மட்டும் காய்க்கும்,
பாளையைக் கட்டினால் வழக்கு.
இங்கே கணக்கில்லாத ஒரு குவளைக்குத்தான் வழக்கு.
நாலரைக்கு ஐந்து வண்டியும் கணக்கோடு கிளம்பிப்
பாலக்காட்டு ரோட்டில் திரும்பின.
இன்னும் பத்தொன்பது சதவீதம் மிச்சம் என்றது அது.
என்னிடம் அவ்வளவு இல்லை.

குரியச்சன் முதலாளி மூன்றாம் நாள் வந்தார்.
ஈரக் குடையை என் முத்திரை மேல் சாய்த்துவிட்டு
அதன் மூடியைத் தட்டிக்கொடுத்தார்.
"கண்டோ ஜெசிந்தா?
கொஞ்சமாத் தின்னுட்டு எல்லா வேலையும் செய்யுது."
சொன்ன கண் அதை விட்டு என்மேல் வந்து
அங்கேயே நின்றது.

ஏழாயிரத்து ஐந்நூறு. நாலாவது வருஷம்.

சொன்னேன்:
குறைவாகத் தின்ன வேண்டும் என்றே
எங்கேயோ பத்துப் பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து
அதை வரைந்திருக்கிறார்கள், முதலாளி.
என்னை அப்படி யாரும் வரையவில்லை.
எனக்கு முழு வயிறு வைத்துத்தான் அனுப்பினார்கள்,
வீட்டில் இன்னும் மூன்று வயிறு இருக்கிறது.

ஆறுச்சாமி கேனைச் சாய்க்காமல் அப்படியே பிடித்திருந்தார்.

"நோக்காம்" என்றார் முதலாளி.
பார்க்கலாம் என்று அர்த்தம்.
எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அந்தச் சொல் ஒரே எடைதான்.

அவர் ஜீப் சத்தம் ஓய்ந்ததும் மரக்கணக்கைத் திறந்தேன்.
கடைசி மரத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி.
பெயர்: ஜெசிந்தா.
இந்த மாதம் முதல் பாக்கி: இரண்டாயிரம்.

திரை வெளுத்தது. வழக்கம்போல யோசித்தது.
பிறகு ஏற்றுக்கொண்டது.